செவர்லே பொறித்ததும் ஃபோர்டு பொறிக்காததும்

1951-ஆம் ஆண்டு செவர்லே 3100 பிக்கப் ஒன்றையும் அதே ஆண்டின் ஃபோர்டு எஃப்-1 ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் அமெரிக்கப் பண்ணைகளில் தீவனமும் தானியமும் சுமந்து தேய்ந்த அரை டன் லாரிகள். இரண்டின் பானெட்டையும் தூக்கிப் பார்த்தால் இன்ஜின் இருக்கிறது. சாவி போட்டால் ஓடவும் ஓடுகிறது. ஆனால் அது அந்த வண்டியோடு பிறந்ததா, நடுவில் வந்து உட்கார்ந்ததா, எந்த வருஷத்தது, எந்த ரகம், எத்தனை கை மாறியது என்று கேட்டால் இரண்டு வண்டியும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. செவர்லே தன் பிறந்த தேதியை இரும்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஃபோர்டு கிட்டத்தட்ட எதையும் எழுதவில்லை. பழைய லாரி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டதும் செவர்லேயில் வேலை சுலபம், ஃபோர்டில் கஷ்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஃபோர்டைப் பார்க்கப் பழகிய கண்ணோடு செவர்லேயைப் பார்ப்பவருக்கே செவர்லேயின் எழுத்து உண்மையில் பயன்படுகிறது.

இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து இன்ஜின்களுக்கு ஆயுள் குறைவு. ரிங் தேயும், பேரிங் தட்டும், வால்வு எரியும். அறுவடை நேரத்தில் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பழையதைக் கொடுத்துவிட்டு, வேலை பார்த்துத் தயாராக இருக்கும் இன்னொன்றை வாங்கி மாட்டுவது வழக்கமாயிற்று. ஃபோர்டு டீலர்கள் இந்த மாற்று முறையை 1930-களிலேயே நடத்தினார்கள். சியர்ஸ், மாண்ட்கோமரி வார்டு போன்ற பெரிய கடைகள் ரீகண்டிஷன் செய்த இன்ஜினை விலைப்பட்டியலில் போட்டு விற்றன. இன்டியானாவின் ஜாஸ்பர் ஊரில் 1942-இல் தொடங்கிய ஜாஸ்பர் நிறுவனம் போல இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்களும் வந்தார்கள்.

அப்படிப்பட்ட பட்டறைக்குள் போன இன்ஜின் முழுசாக வெளியே வருவதில்லை. பிரித்ததும் பிளாக் ஒரு பக்கம், ஹெட் ஒரு பக்கம், கிராங்க் ஒரு பக்கம், கனெக்டிங் ராடு ஒரு பக்கம் என்று குவியல் குவியலாகப் போகும். கழுவி, அளந்து, கடைந்து முடிந்தபின் எந்தக் குவியலிலிருந்து எது கைக்கு வருகிறதோ அதைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஓஹியோக்காரர் கொடுத்த பிளாக்கில் கென்டக்கிக்காரர் கொடுத்த கிராங்க் போகும். ஆகவே ரீகண்டிஷன் இன்ஜினுக்குப் பூர்வீகம் ஒன்றே ஒன்று இருப்பதில்லை. பிளாக் வார்க்கப்பட்ட இடமும் நாளும் ஒன்று. முதல்முறை இன்ஜினாகப் பூட்டிய ஆலை ஒன்று. மறுபடி கட்டிய பட்டறை ஒன்று. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கதை. இவற்றில் எதைத் தேடுகிறோம் என்று தெளிவில்லாமல் எண்ணைத் துடைத்துப் படிக்கத் தொடங்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

செவர்லேயிலிருந்து தொடங்கலாம். அதன் ஆறு சிலிண்டர் இன்ஜினில் மேனிஃபோல்டு இடப்பக்கம். டிஸ்ட்ரிபியூட்டரும் செல்ஃப் மோட்டாரும் வலப்பக்கம். படிக்க வேண்டிய எழுத்தெல்லாம் அந்த வலப்பக்கத்தில்தான். எழுத்து இரண்டு வகை. ஒன்று வார்ப்பு எழுத்து: உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போதே புடைத்து நிற்பது. ஏழு இலக்க வார்ப்பு எண்ணும், அதன் அருகே வார்த்த தேதியும் அப்படி வந்தவை. இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டி மட்டமாகக் கடைந்த சிறு திட்டில் பஞ்ச் அடித்துப் பதித்த இன்ஜின் எண். முன்னது பிளாக் பிறந்தபோது வந்தது. பின்னது இன்ஜின் முழுமையாகப் பூட்டப்பட்டபோது வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தேதி எழுதும் முறை எளிது. ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று தொடங்கி டிசம்பருக்கு எல் வரை மாதத்துக்கு ஒரு எழுத்து, பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி இலக்கம். ‘டி 9 1’ என்றிருந்தால் ஏப்ரல் 9, ஒன்றில் முடியும் ஒரு வருஷம். எந்த ஒன்று? 1941-ஆ, 1951-ஆ, 1961-ஆ? எழுத்து அதைச் சொல்லாது. வார்ப்பு எண்ணின் பட்டியலும் பிளாக்கின் உருவமும் சேர்ந்துதான் பத்தாண்டைத் தீர்மானிக்கின்றன. செவர்லேயிலும் உருவம் பார்க்கத் தெரியாதவருக்கு வேலை நடக்காது என்பதற்கு முதல் அத்தாட்சி இதுவே.

பஞ்ச் அடித்த எண் இன்னும் கொஞ்சம் பேசும். 1949-க்கு ஜி, 1950-க்கு ஹெச், 1951-க்கு ஜே, 1952-க்கு கே, 1953-க்கு எல் என்று முதலெழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும். ஐ என்ற எழுத்து எண்ணோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். 1950-களின் நடுவிலிருந்து எண்ணுக்கு நடுவே ஆலையின் எழுத்து வருகிறது: எஃப் என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட், டி என்றால் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா. வண்டியின் பக்கமோ, ஓட்டுநர் கதவுத் தூணில் அடித்த தகடு பூட்டிய ஆலை, ஆண்டு, டன் வகை, மாதம் எல்லாவற்றையும் சொல்கிறது. தகடு ஜூன் என்று சொல்லி, பிளாக் ஏப்ரலில் வார்த்ததாக இருந்தால் பொருந்துகிறது. பிளாக் அதே ஆண்டு அக்டோபரில் வார்த்ததாக இருந்தால் விஷயம் முடிந்தது. ஜூனில் ஆலையை விட்டு வெளியே வந்த லாரிக்குள் அக்டோபரில் பிறந்த பிளாக் இருக்க வழியே இல்லை.

இங்கே நின்று நிதானிக்க வேண்டும். பொருந்தாத தேதி, இன்ஜின் மாறியது என்பதை ஐயமின்றி நிரூபிக்கிறது. பொருந்தும் தேதி எதையும் நிரூபிப்பதில்லை. 1951-இல் லட்சக்கணக்கில் பூட்டிய இன்ஜின்களில் ஏப்ரலில் வார்த்த எதுவும் மாற்று முறையில் இந்த வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கலாம். பிளாக்கை மட்டும் புதிதாக வாங்கி மாற்றியபோது, ஆலையிலிருந்து வந்த பிளாக்கின் திட்டு வெறுமையாக இருந்தது. பழைய எண்ணை அதில் பதித்துக்கொள்வது டீலர் பாடு. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண்ணை அடித்த பட்டறைகளும் உண்டு. இதில் எப்போதும் திருட்டுத்தனம் இருந்ததாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் வண்டிக்கு உரிமைப் பத்திரமே இன்ஜின் எண்ணை வைத்துத்தான் எழுதப்பட்டது. இன்ஜின் மாறினால் பத்திரம் செல்லாமல் போகுமே என்ற பயத்தில் பழைய எண்ணையே புதிய இன்ஜினில் பதித்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆக, பத்திரத்தோடு எண் ஒத்துப்போவதைப் பார்த்து மகிழும் முன் அந்தத் திட்டின் மேற்பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆலை கடைந்த கோடுகள் ஒரே சீராக இருக்கும். கைக் கிரைண்டர் பட்ட இடம் பள்ளமும் வளைவுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நல்லது, இந்த ஆறு சிலிண்டரில் திட்டு பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. பின்னால் வந்த செவர்லே வி-8-இல் அது ஹெட் உட்காரும் தளத்தின் முன்முனையில் இருப்பதால், தளத்தை மட்டம் தட்டும்போதே எண்ணும் சேர்ந்து போய்விடும். ஆறு சிலிண்டருக்கு அந்தக் கதி இல்லை.

எண்ணை மூடிவைத்துவிட்டு உருவத்தைப் பார்ப்போம். 1951 3100-இல் ஆலை வைத்தது 216 கன அங்குல இன்ஜின்: 3½ அங்குல போர், 3¾ அங்குல ஸ்ட்ரோக். புஷ்ராடுகளை மறைக்கும் பக்க மூடி அதில் உயரமானது. பிளக்குகளைச் சுற்றி மேலேறி ராக்கர் கவர் வரை போகும். செவர்லேயின் பெரிய ஆறு சிலிண்டரான 235-இன் பிந்திய வடிவங்களில் அந்த மூடி குட்டை. பிளக்குகள் ஹெட்டில் வெளிப்படையாகத் தெரியும். 216-இன் ராக்கர் கவரை உச்சியில் உள்ள இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். 1954 முதல் வந்த 235-இல் விளிம்போரமாக நான்கு ஸ்குரூ. இந்த இரண்டு அடையாளம் போதும், பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

உள்ளே இருக்கும் வேற்றுமை இதைவிடப் பெரிது. 216-இன் கனெக்டிங் ராடுகளில் பேரிங் ஓடு கிடையாது. பாபிட் உலோகத்தை ராடிலேயே உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி சம்பில் இருக்கும் தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளித் தனக்குத் தானே பூசிக்கொள்ளும். 1954 முதல் எல்லா 235-இலும் ஓடு பேரிங்; எண்ணெய் பம்ப் அழுத்தத்தில் ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேரும். இதனால் எண்ணெய் அழுத்த முள்ளே ஓர் அடையாளமாகிறது. 216 ஓட்டத்தில் சுமார் 14 பவுண்டு காட்டினாலே ஆரோக்கியம். அந்த லாரியின் டாஷ்போர்டு மீட்டர் 30 பவுண்டோடு முடிகிறது. முள் 30-இல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதென்றால், ஹெட்டைக் கழற்றாமலே உள்ளே இருப்பது பிந்திய இன்ஜின் என்று ஊகிக்கலாம். இந்த ஊகம் வெறும் அறிவுத் தாகத்துக்காக அல்ல. 216-ஐ 235 என்று எண்ணி நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால் பாபிட் தாங்காது.

216 வண்டிக்குள் பிந்திய 235-ஐ இறக்கியவர்கள் மற்றொரு தடயத்தையும் விட்டுவைக்கிறார்கள். 1955 முதல் தண்ணீர் பம்ப்பின் இருப்பிடம் மாறிவிட்டது. பழைய லாரியின் ரேடியேட்டருக்கு ஃபேன் சரியாக நிற்காது. அதனால் பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு மாற்றுத் தகடு வைத்துப் பம்ப்பைக் கீழே இறக்குவார்கள். பம்ப்புக்குப் பின்னால் அந்தத் தகட்டின் விளிம்பு தெரிந்தால் வேறு எண்ணைத் தேட வேண்டியதில்லை.

ஃபோர்டுக்கு வருவோம். வி-8 பிளாட்ஹெட் 1932-இல் வந்தது: 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. அதில் ‘இன்ஜின் எண்’ என்று மக்கள் சொல்லும் எண் பிளாக்கில் இல்லவே இல்லை. 1930, 40-களின் வண்டிகளில் அது கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் ஹவுசிங்கின் தலையில் பஞ்ச் அடிக்கப்பட்டு, அதே எண் சேஸியிலும் பதிக்கப்பட்டது. எஃப்-1 வந்தபோது சேஸியிலும், பொருள்வைப்புப் பெட்டிக் கதவின் உட்புறத் தகட்டிலும் எண் போனது. பிளாக்கை மாற்றினாலும் அந்த எண் மாறாது. பழைய வண்டிகளில் கியர்பாக்ஸை மாற்றினால் மாறிவிடும். இன்ஜினைப் பற்றி எதுவும் சொல்லாத எண்ணை இன்ஜின் எண் என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஃபோர்டு லாரி வாங்கும்போது விற்பவர் ‘எண்ணெல்லாம் ஒத்துப்போகிறது’ என்று சொன்னால், சேஸியும் தகடும் ஒத்துப்போகின்றன என்று மட்டுமே அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

எழுத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1940-களின் பிளாக்குகளில் பெல் ஹவுசிங்கின் தலையில் ‘59ஏ’ அல்லது ‘59ஏபி’ என்று புடைத்திருக்கும். லாரிகளில் 1948 முதலும் கார்களில் 1949 முதலும் வந்த ரகத்தின் ஹெட்டில் ‘8பிஏ’ என்றும், லாரிக்கானதில் ‘8ஆர்டி’ என்றும் இருக்கும். ஆனால் இந்த எழுத்துகள் சொல்வது எந்த ஆண்டு வடிவமைப்பு என்பதை. 59ஏ-இல் 5 என்பது 1945. 8பிஏ-இல் 8 என்பது 1948. அந்த வடிவம் நடைமுறையில் இருந்த எல்லா ஆண்டுகளிலும் அதே எழுத்துதான். செவர்லேயின் ‘டி 9 1’ ஒரு குறிப்பிட்ட நாளைச் சொல்கிறது. ஃபோர்டின் 8பிஏ ஒரு தலைமுறையைச் சொல்கிறது. போதாக்குறைக்கு 8பிஏ என்ற எழுத்து இருப்பது ஹெட்டில். ஹெட் தனியாகக் கழன்று வேறு வண்டிக்குப் போகும் பொருள். 8ஆர்டி ஹெட்டைக் கண்டு லாரி இன்ஜின் என்று எழுதிக்கொள்வது அவசர முடிவு.

ஆகவே ஃபோர்டில் உருவத்தைத்தான் படிக்க வேண்டும். அதுவோ மிகத் தெளிவாகப் பேசும். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளை எண்ணுங்கள்: 21 என்றால் 1932 முதல் 1938 வரை, 24 என்றால் அதற்குப் பிந்தியது. தண்ணீர் ஹெட்டின் நடுவிலிருந்து வெளியேறினால் 1937-க்கும் 1948-க்கும் இடைப்பட்டது. ஹெட்டின் முன்முனையிலிருந்து வெளியேறினால் 8பிஏ ரகம். தண்ணீர் பம்ப்பே ஹெட்டின் முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் 1936 வரையிலானது. பெல் ஹவுசிங் பிளாக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் 1948 வரை; தனியாகப் போல்ட் போட்டு மாட்டியிருந்தால் பிந்தியது. டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டின் முன்முனையில் நேராகப் படுத்திருந்தால் பழையது. முன்பக்கம் சாய்ந்து மேல்நோக்கி நின்றால் புதியது. ஸ்டட் போய் அதன் இடத்தில் போல்ட் வந்ததும் 8பிஏ ரகத்தில்தான்.

இந்த அடையாளங்களில் எதையும் கிரைண்டர் வைத்து அழிக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். பெல் ஹவுசிங்கை யாரும் பிளாக்கோடு ஒட்டவைத்துப் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டார்கள். 1951 எஃப்-1-க்குள் நடுவில் தண்ணீர் வெளியேறும் இன்ஜின் இருந்தால், அது 1948 வரையிலான வண்டியிலிருந்து வந்தது, விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் சரியான உருவம் உள்ள 8பிஏ ரக இன்ஜின் இருந்தால், அது இந்த வண்டியோடு பிறந்ததா என்று இரும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எண் இல்லாத வண்டியில் ‘அசல் இன்ஜின்’ என்ற விளம்பரத்துக்குப் பணம் கூடக் கொடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். செவர்லேயில் அப்படிச் சொல்வதற்குக் குறைந்தபட்சம் ஓர் ஆதாரம் கேட்கலாம்.

இரண்டையும் இன்னும் நெருக்கமாக ஒட்டிவைத்துப் பார்த்தால் அழகான ஒரு முரண் தெரிகிறது. செவர்லே 1954-இல் லாரிகளுக்காக 261 கன அங்குல இன்ஜினைக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் 235-இன் இரட்டைப் பிறவி. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றே: 3 15/16 அங்குலம். போர் மட்டும் 3 9/16-இலிருந்து 3¾-க்கு ஏறியது. ஃபோர்டிலோ எஃப்-1-இன் 239 இன்ஜினும், 1949 முதல் மெர்க்குரி காரில் வந்த 255 இன்ஜினும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும். அங்கே போர் ஒன்றே: 3 3/16 அங்குலம். ஸ்ட்ரோக் மட்டும் 3¾-இலிருந்து 4-க்கு நீண்டது. செவர்லே தன் ரகசியத்தைப் போரில் ஒளிக்கிறது. ஃபோர்டு ஸ்ட்ரோக்கில் ஒளிக்கிறது. செவர்லேக்கு பிளாக்கே மாற வேண்டும், அதனால் வார்ப்பு எண் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர்டில் மெர்க்குரியின் கிராங்க்கைத் தூக்கி ஃபோர்டு பிளாக்கில் போட்டுவிடலாம். வேகப் பைத்தியம் பிடித்த அமெரிக்க இளைஞர்கள் அதைத்தான் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். அப்படிக் கட்டிய இன்ஜின் ஒன்று பிற்பாடு ஒரு லாரிக்குள் வந்து சேர்ந்திருந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன் மேலேயும் கீழேயும் நிற்கும் தூரத்தை அளந்தால்தான் அந்தக் கால் அங்குலம் வெளிவரும்.

261-ஐத் தவறவிட்டால் அதற்கும் விலை உண்டு. அதன் சிலிண்டர்கள் அகலமானதால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டுவிட்டன. நடுவே தண்ணீர் ஓட இடமில்லை. அந்த ஒட்டிய இடங்களில் நீராவி தேங்காமல் வெளியேற பிளாக்கிலும் ஹெட்டிலும் சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். 235-இன் கேஸ்கெட்டை மாட்டினால் துளைகள் அடைபடும். 235-இன் ஹெட்டை அப்படியே தூக்கி வைத்தாலும் அதேதான். இன்ஜின் சூடேறும், ஏன் சூடேறுகிறது என்று தெரியாமல் ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஹெட் என்றதும் செவர்லேக்காரர்கள் வாயில் வரும் எண் 848. 1956 முதல் 1962 வரை 235-இல் வந்த, கம்ப்ரெஷன் கூடிய 3836848 என்ற ஹெட்டைக் கடைசி மூன்று இலக்கத்தால் அப்படி அழைக்கிறார்கள். 1954-இல் வார்த்த பிளாக்கின் மேல் 848 ஹெட் உட்கார்ந்திருந்தால், அந்த இன்ஜினுக்குக் குறைந்தது இரண்டு பூர்வீகம். பிளாக் தேதியை மட்டும் படித்தவருக்கு இன்ஜின் 1954. ஹெட்டையும் படித்தவருக்கு அது 1956-க்குப் பிறகு ஒருமுறை பிரிக்கப்பட்ட இன்ஜின். இரண்டாவது தகவல்தான் வாங்குகிறவருக்கு உதவுகிறது.

எது கெட்டு எது மாறியது என்பதிலும் இரண்டும் வேறு. பிளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்கில் இருப்பதால், எரிந்த புகையும் பிளாக்குக்குள் தண்ணீர்ச் சட்டையின் நடுவே வளைந்துதான் வெளியேற வேண்டும். பிளாக் கொதிக்கும், வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடும். விரிசல் விட்ட பிளாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு பிளாக் எடுப்பது பட்டறைகளில் சகஜம். அதனால் ஃபோர்டு லாரியில் பிளாக்கே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். விசித்திரம் என்னவென்றால் பிறந்த பிளாக்கா என்று நிரூபிக்க வழியில்லாத வண்டியில்தான் பிளாக் அதிகம் மாறியது. செவர்லேயில் வால்வு ஹெட்டில் இருக்கிறது, புகை ஹெட்டோடு போய்விடுகிறது; பிளாக் நெடுநாள் தாங்கும். அங்கே போனது பாபிட். பாபிட் ஊற்றத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, 216-ஐப் பழுதுபார்ப்பதைவிட 235-ஐத் தூக்கி வைப்பது மலிவாயிற்று. ஆகவே செவர்லேயில் இன்ஜின் மாறியிருந்தால் பெரும்பாலும் ரகமே மாறியிருக்கும். உயர மூடி குட்டை மூடியாகியிருக்கும்.

மறுபடி கட்டியவரின் கை இரண்டு வண்டியிலும் ஒரே மாதிரிதான் தடம் விடுகிறது. பிளாக்கின் பக்கத்தில் ரிவெட் அடித்த சிறு பித்தளை அல்லது அலுமினியத் தகடு. அதில் பட்டறையின் பெயர், வேலை எண், சில வேளை போரும் கிராங்க்கும் எவ்வளவு மாறியது என்ற அளவு. தகடு போய்விட்டிருந்தாலும் ரிவெட் துளைகள் இரண்டு இருக்கும். தகடு இல்லாத இடத்தில், திட்டிலோ பிளாக்கின் விளிம்பிலோ ‘30’ என்றோ ‘10’ என்றோ பஞ்ச் அடித்திருக்கலாம்: போர் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 30 பங்கு கூடியது, கிராங்க் 10 பங்கு குறைந்தது. பெயின்டும் பேசும். செவர்லேயின் 216-க்கு ஆலை அடித்தது சாம்பல் நிறம். பட்டறைகளோ தங்களுக்கென்று ஒரு நிறத்தை வைத்து, கேஸ்கெட் விளிம்பு, போல்ட் தலை எல்லாவற்றின் மேலும் ஒரே வீச்சாக அடித்துவிடுவார்கள். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி அதன் அடியில் மறைந்திருக்கும் இரும்பைச் சுரண்டினால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அடியில் சாம்பல் இருந்து மேலே வேறு நிறமென்றால், அந்தப் பிளாக் செவர்லே ஆலையில் பிறந்து பின்னால் பட்டறைக்குப் போனது.

நம் ஊர்ப் பக்கம் எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்கும் இந்தப் படிப்பு பயன்படும், ஒரு திருத்தத்தோடு. இந்தியாவில் ஃபோர்டு கம்பெனி 1926-இல் தொடங்கியபோது அது கனடா ஃபோர்டின் கிளை. சென்னை, பம்பாய், கல்கத்தாவில் வண்டி பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் ஆலை திறந்தது. இரண்டும் 1950-களின் முற்பகுதியில் மூடிக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்குப் பெரும்பாலும் கனடாவிலிருந்துதான் சரக்கு வந்தது என்பதால், இங்கே கிடைக்கும் பிளாட்ஹெட்டில் 59ஏ-க்கு முன்னால் சி சேர்ந்து ‘சி59ஏ’ என்றோ ‘சி69ஏ’ என்றோ இருந்தால் வியக்க வேண்டாம். அது கனடா வார்ப்பு. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடா 4 லட்சத்துக்கும் மேல் ராணுவ லாரிகள் செய்தது. ஒரே மாதிரி முகம், ஒரே மாதிரி கேபின். உள்ளே ஃபோர்டு செய்ததில் 239 வி-8, செவர்லே செய்ததில் 216 ஆறு சிலிண்டர். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக் கட்டிய வண்டிகள் சரக்கு லாரிகளாகவும் பஸ்களாகவும் மாறி ஓடின. அந்த வண்டிகளில் இன்ஜின் மாறாததைக் காண்பது அரிது. இங்கே பாகம் கிடைக்காத காலத்தில் ஓடியவை என்பதால் டீசல் இன்ஜின் மாற்றியதே அதிகம். பெட்ரோல் இன்ஜினே இருந்தால் முதலில் சி எழுத்தைத் தேடுவது நல்லது.

பார்க்கும் வரிசையில் நான் செவர்லேக்கும் ஃபோர்டுக்கும் வேற்றுமை வைக்க மாட்டேன். முதலில் மூடிகள், தண்ணீர் வழி, பெல் ஹவுசிங், டிஸ்ட்ரிபியூட்டர் என்று உருவம். அது தலைமுறையைத் தீர்த்துவிடும். அடுத்து வார்ப்பு எழுத்து. செவர்லேயில் அது நாள் வரை இறங்கும், ஃபோர்டில் தலைமுறையை உறுதிப்படுத்துவதோடு நிற்கும். பஞ்ச் அடித்த எண்ணையும் பத்திரத்தையும் அதற்குப் பிறகே எடுக்க வேண்டும்; முதலில் எடுத்தால் கண் அதற்கு ஏற்றபடியே மற்றதையெல்லாம் பார்க்கும். கடைசியாக, பணம் போட்டு வேலை பார்க்கப் போகிறோம் என்றால், சம்பைக் கழற்றியாக வேண்டும். ஓடு பேரிங் உள்ள இன்ஜினானால் ஒரு மூடியை இறக்கி ஓட்டின் முதுகைத் துடைத்துப் பார்க்கலாம். தயாரித்தவரின் குறியும், கிராங்க் எவ்வளவு கடையப்பட்டது என்ற அளவும், பல வேளை மாதமும் ஆண்டும் அங்கே பதிந்திருக்கும். 1954-இல் வார்த்த 235 பிளாக்குக்குள் 1968 என்று பதிந்த ஓடு இருந்தால், அந்த இன்ஜின் கடைசியாகக் கட்டப்பட்டது 1968-க்கு முன்னால் இல்லை. வாங்கப் போகும் வண்டி எத்தனை வருஷம் ஓடிய பேரிங்கின் மேல் நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டியது அந்த 1968-லிருந்துதான்.